கப்பல் வரும்போது திமிங்கிலம் ஏன் விலகுவதில்லை?

நீலத்திமிங்கிலம் என்றதும் பலருக்குப் பனிக்கட்டி மிதக்கிற துருவக் கடல்தான் நினைவுக்கு வரும். வன்னியில் இருந்துகொண்டு அதைப்பற்றிப் பேச என்ன இருக்கிறது என்றும் கேட்பார்கள். இருக்கிறது. முல்லைத்தீவிலிருந்து கரையோரமாகத் தெற்கே போனால் கொக்கிளாய், புல்மோட்டை, அதற்கப்பால் திருகோணமலை. அந்தத் திருகோணமலைக் கடலில்தான் உலகத்திலேயே மிகப் பெரிய விலங்கு இரை தேடித் திரிகிறது. பங்குனி, சித்திரையில் கடல் அடங்கிக் கிடக்கிற நாட்களில், கோணேசர் கோயில் நிற்கிற மலையில் நின்று பொறுமையாகப் பார்த்தால், அது மூச்சு விடும்போது முப்பது அடி உயரத்துக்கு எழும்புகிற வெள்ளைத் தூவானம் கரையிலிருந்தே கண்ணுக்குத் தெரிவதுண்டு.

இதைச் சொல்லிக்கொடுக்கும்போது பிள்ளைகள் முதலில் கேட்கிற கேள்வி அநேகமாக ஒன்றுதான்: “சேர், அவ்வளவு பெரிசெண்டால் கப்பல் வாறது தெரியாதே? விலத்திப் போகாதே?” மிக நல்ல கேள்வி அது. இதற்கான பதில் விளங்கிவிட்டால், திமிங்கிலங்களைக் காப்பாற்ற என்ன செய்யவேண்டும் என்பதும் பாதிக்கு மேல் விளங்கிவிடும். அதனால் இந்தக் கேள்வியைச் சுற்றியே எழுதுகிறேன்.

முதலில், இந்தத் திமிங்கிலங்கள் யார் என்று பார்ப்போம். மற்றப் பெருங்கடல்களில் வாழ்கிற நீலத்திமிங்கிலங்கள் கோடையில் குளிர்ந்த கடலுக்குப் போய் வயிறு நிறையத் தின்றுவிட்டு, குளிர்காலத்தில் வெப்பமான கடலுக்கு வந்து குட்டி போடும். இந்து சமுத்திரத்தின் வடபகுதியில் இருப்பவற்றுக்கு அந்த வழி இல்லை, ஏனென்றால் வடக்கே ஆசியாக் கண்டம் மறித்து நிற்கிறது. ஆகவே இவை அரபிக்கடல், இலங்கையைச் சுற்றிய கடல், வங்காள விரிகுடா என்று இந்த வெப்பக் கடலுக்குள்ளேயே ஆண்டு முழுவதும் வாழ்கின்றன. தென்துருவத்து உறவினங்களை விட உடம்பு சற்றுச் சிறிது, பாட்டும் வேறு. 2003 இல் இலங்கைக்குத் தெற்கே உள்ள கடலில் ஓர் ஆய்வுக் கப்பலில் இருந்த இலங்கையின் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ், நீலத்திமிங்கிலங்களின் செக்கச்செவேலென்ற கழிவு தண்ணீரில் மிதப்பதைக் கண்டார். கழிவு இருந்தால் அங்கே சாப்பாடும் நடக்கிறது என்றுதானே பொருள்? வெப்பக் கடலில் இவை இரை எடுக்காது என்ற பழைய எண்ணம் இப்படித்தான் ஆட்டம் கண்டது. பிறகு நடந்த ஆய்வுகளில் இன்னொன்றும் தெரியவந்தது: மற்ற இடங்களில் கிரில் என்கிற உயிரினத்தைத் தின்கிற நீலத்திமிங்கிலம், இலங்கைக் கடலில் அதிகம் தின்பது எங்கள் கூனி இறாலின் குடும்பத்தைச் சேர்ந்த சின்னஞ்சிறு இறால்களை. சம்பலுக்கு இடிக்கிறோமே, அந்தக் கூனியின் உறவுகளைத் தின்றுதான் அவ்வளவு பெரிய உடம்பு நடமாடுகிறது.

சரி, இவற்றுக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது? ஒருகாலத்தில் வேட்டையிலிருந்து வந்தது. 1960களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் இந்து சமுத்திரத்தின் வடபகுதியில், வெளியே சொல்லாமல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத்திமிங்கிலங்களைக் கொன்றன. அந்த உண்மை பல பத்து ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே வந்தது. 1979 இல் சீசெல்ஸ் நாடு முன்மொழிய, சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலங்களின் சரணாலயமாக அறிவித்தது. 1986 இல் வணிக வேட்டைக்கான உலகத் தடையும் நடைமுறைக்கு வந்தது. இந்தக் கடலில் ஈட்டி ஓய்ந்துவிட்டது. ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு தடவை ஒரே ஒரு குட்டி ஈனுகிற விலங்கு இது, வயிற்றில் சுமப்பதே ஏறத்தாழ ஒரு வருடம். வேட்டையில் இழந்த தொகையை மீளப் பெற மிக நீண்ட காலம் எடுக்கும், அந்தக் காலத்துக்குள் வேறு காரணத்தால் தாய்த் திமிங்கிலங்கள் செத்துக்கொண்டே இருந்தால் மீளவே முடியாது. இப்போது சாகடிக்கிறவர்களுக்குக் கொல்லும் எண்ணம் துளியும் இல்லை. சரக்கு ஏற்றிக்கொண்டு தங்கள் பாட்டில் போகிற கப்பல்கள் அவை.

2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்கு ஒரு கொள்கலன் கப்பல் வந்தது. அதன் முன்பக்கத்தில் ஒரு நீலத்திமிங்கிலத்தின் உடல் குறுக்காக மடிந்து மாட்டிக் கிடந்தது. பெரிய கப்பல்களின் முன்பக்கத்தில் நீர்மட்டத்துக்குக் கீழே குமிழ் போலத் துருத்திக்கொண்டு ஒரு பகுதி இருக்கும், தண்ணீரை வெட்டிக்கொண்டு போவதற்கு அது உதவும். அதில்தான் இப்படி மாட்டுவது. பல்லாயிரம் தொன் எடையுள்ள கப்பலில் இருப்பவர்களுக்குத் திமிங்கிலத்தில் மோதியது அதிர்வாகக்கூடத் தெரியாமல் போகலாம். மாட்டிக்கொண்டு துறைமுகம் வரை வருவது மிக அபூர்வம். அநேகமானவை அடிபட்ட இடத்திலேயே ஆழத்துக்குப் போய்விடும், எங்காவது கரை ஒதுங்குபவை சொற்பம். ஆகவே பத்திரிகையில் வருகிற எண்ணிக்கையைப் பார்த்து இவ்வளவுதானா என்று நினைக்கக்கூடாது. அது கண்ணில் பட்ட எண்ணிக்கை மட்டுமே.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். ஏன் விலகுவதில்லை?

நீலத்திமிங்கிலத்துக்கு இயற்கையில் எதிரி குறைவு. வளர்ந்த ஒன்றைத் தாக்கக்கூடியவை ஓர்க்கா எனப்படும் கொலைகாரத் திமிங்கிலக் கூட்டங்கள்தான். ஆகவே தன்னைவிடப் பத்து மடங்கு நீளமான ஒன்று நேராக வருகிறது, ஒதுங்கு என்று சொல்கிற பழக்கம் அதன் இரத்தத்தில் இல்லை. கலிபோர்னியாக் கடலில் நீலத்திமிங்கிலங்களின் முதுகில் பதிவுக் கருவிகளை ஒட்டிவிட்டு, பக்கத்தால் பெரிய கப்பல்கள் போகும்போது என்ன செய்கின்றன என்று ஆய்வாளர்கள் பார்த்தார்கள். அவை பக்கவாட்டில் ஒதுங்கவில்லை. சில தடவைகளில் மெதுவாக, அதிகம் ஆழமில்லாமல் கீழே அமிழ்ந்தன. அவ்வளவுதான். கப்பலின் அடிப்பாகமே தண்ணீருக்குள் 12, 15 மீற்றர் இறங்கி இருக்கும்போது, மெதுவாக அமிழ்வது எப்படிப் போதும்?

சத்தம் கேட்காதா என்பது அடுத்த சந்தேகம். கப்பலின் எஞ்சினும் விசிறியும் இருப்பது பின்பக்கம். முன்னால் 300 மீற்றர் நீளத்துக்கு இரும்பு உடல் இருக்கிறது, அது சத்தத்தின் ஒரு பகுதியை மறைத்துவிடுகிறது. நீர்மட்டத்துக்குக் கிட்ட ஒலி பரவும் விதமும் வேறு, மேலே மோதித் திரும்புகிற ஒலி கீழிருந்து வருகிற ஒலியை அடித்துவிடுவதால், மேற்பரப்பில் கிடக்கிற விலங்குக்குச் சத்தம் குறைவாகவே போய்ச்சேரும். ஆக, பக்கத்தில் நிற்கும் திமிங்கிலத்துக்குக் கேட்கிற அளவு கப்பலுக்கு நேர் முன்னால் நிற்கும் திமிங்கிலத்துக்குக் கேட்காமல் போகலாம், ஆனால் ஆபத்தில் இருப்பது முன்னால் நிற்பதுதான். இன்னுமொன்று, பரபரப்பான கடலில் எந்த நேரமும் ஏதோ ஒரு பக்கம் எஞ்சின் சத்தம் இருந்துகொண்டே இருக்கும். எது தூரத்தில், எது தன்னை நோக்கி வருகிறது என்று பிரித்தறிவது கடினம்.

பிறகு மூச்சு. திமிங்கிலம் மீன் அல்ல, எங்களைப்போல நுரையீரலால் மூச்சு விடுகிற பாலூட்டி. பத்துப் பதினைந்து நிமிடம் ஆழத்தில் இரை தின்றுவிட்டு மேலே வந்தால், சில நிமிடங்கள் மேற்பரப்பில் கிடந்து பல தடவை மூச்சு இழுத்தாக வேண்டும். அந்த நிமிடங்களில் உடனே ஆழத்துக்கு ஓடு என்றால் ஓட முடியாது. இரவில் மேற்பரப்பை ஒட்டிக் கிடக்கிற நேரம் பகலை விடக் கூட என்றும் கலிபோர்னிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரவில் கப்பல் மேடையில் நிற்பவருக்கும் எதுவும் தெரியாது.

வேகத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு நொட் என்பது மணிக்கு 1.85 கிலோமீற்றர். 20 நொட் வேகத்தில் போகிற கப்பல் ஒரு செக்கனுக்குப் பத்து மீற்றர் நகரும். ஒரு கிலோமீற்றர் தள்ளி நின்றதென்றாலும் ஒன்றரை நிமிடத்தில் வந்து சேர்ந்துவிடும். திமிங்கிலத்தைக் கண்டுவிட்டாலும் கப்டனால் உடனே நிறுத்த முடியாது, அவ்வளவு பெரிய கப்பல் ஓட்டம் அடங்கி நிற்பதற்குக் கிலோமீற்றர் கணக்கில் தூரம் வேண்டும்.

செட்டிகுளம் பக்கம் ரயிலில் அடிபட்டு யானைகள் செத்ததை வன்னியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். யானைக்குக் காது கேட்காமலா? ரயில் ஓட்டுகிறவருக்கு யானை மேல் கோபமா? இரண்டுமில்லை. யானை கடக்கிற இடத்தால் தண்டவாளம் போகிறது, ரயில் வேகமாக வருகிறது, அவ்வளவுதான் காரணம். யானையைத் திருத்த முடியாது. ரயிலை அந்த இடத்தில் மெதுவாக ஓட்டலாம். கடலிலும் இதே கணக்குத்தான், ஆனால் கடலில் எங்களுக்கு ஒரு பெரிய வசதி கூடுதலாக இருக்கிறது: தண்டவாளத்தைக் கிளப்பி வேறு இடத்தில் போடுவது பெரும்பாடு, கப்பல் பாதையோ கடல் வரைபடத்தில் இழுத்த கோடு. கோட்டை நகர்த்தலாம்.

இலங்கையின் தென்முனை தெய்வேந்திரமுனை. சுயஸ் கால்வாய்ப் பக்கமிருந்து சிங்கப்பூர்ப் பக்கம் போகிற கப்பல்கள் அந்த முனையைத்தான் சுற்றுகின்றன, உலகத்தின் மிக நெருக்கடியான கப்பல் பாதைகளில் அது ஒன்று. எங்கள் மன்னார்ப் பக்கத்தால் ஏன் போவதில்லை என்று கேட்டால், பாக்கு நீரிணையும் இராமர் அணையும் பெரிய கப்பலுக்கு ஆழம் போதாது, சில திட்டுகளில் ஒரு மீற்றர் தண்ணீர்கூட இல்லை. அதை வெட்டி ஆழமாக்க 2005 இல் தொடங்கிய சேதுசமுத்திரத் திட்டமும் இடையில் நின்றுபோனது. (நின்றது நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆவுளியா என்கிற கடற்பசுவுக்கும் அது மேய்கிற கடற்புல்லுக்கும் அதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது.) ஆகவே தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகிற பெரிய கப்பல்கூட இலங்கையைச் சுற்றித்தான் போகவேண்டும். தெற்கே தீவின் கண்டமேடை, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடற்பகுதி, மிகக் குறுகியது, கரையிலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே கடல் ஆழத்துக்கு விழுந்துவிடும். அந்தச் சரிவின் ஓரத்தில்தான் இறால் கூட்டம் சேரும், இறாலைத் தேடி நீலத்திமிங்கிலம் வரும், அதே இடத்தில் கப்பல்களுக்குப் போக ஒரு தடமும் வர ஒரு தடமும் குறித்திருக்கிறார்கள். தெற்குக் கரையிலுள்ள மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போகிற படகுகள் அந்தக் கப்பல்களுக்கு நடுவே திரிவதைப் பார்த்தவர்களுக்கு இந்த நெருக்கடி நன்றாகத் தெரியும்.

ருஹுணு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து, அந்தக் கடலில் திமிங்கிலங்கள் எங்கெங்கே நிற்கின்றன, கப்பல்கள் எங்கெங்கே போகின்றன என்று இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார்கள். 2016 இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: கப்பல் தடத்தை 15 கடல்மைல், அதாவது ஏறத்தாழ 28 கிலோமீற்றர், தெற்கே தள்ளினால் மோதும் ஆபத்து 95 வீதம் குறையும். பெருங்கடலைத் தாண்டிப் போகிற கப்பலுக்கு அதனால் கூடுகிற பயணத் தூரம் மிகச் சொற்பம். கரையோர மீனவர்களும் இரவில் கப்பலில் அடிபடுகிற பயமில்லாமல் தொழில் செய்யலாம். 2022 இல் எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் கம்பனி தன் கப்பல்களைத் தானாகவே அந்தத் தெற்குப் பாதையால் அனுப்பத் தொடங்கியது. அதே ஆண்டு கிரேக்க நாட்டுக்கு மேற்கேயும் எண்ணெய்த் திமிங்கிலங்கள் நிற்கிற கடலை விட்டு விலகிப் போக முடிவெடுத்தது. நல்ல காரியம், மனதாரப் பாராட்டலாம். ஆனால் ஒரு கம்பனி விலகினால் போதாது. எல்லோரும் விலகவேண்டுமென்றால் சர்வதேசக் கடல்சார் அமைப்பு அந்தத் தடத்தை முறைப்படி மாற்றவேண்டும், அதற்கு இலங்கை அரசு விண்ணப்பம் வைக்கவேண்டும். கப்பல்கள் தள்ளிப் போனால் துறைமுக வருமானம் குறையுமோ என்ற தயக்கம் அரசு மட்டத்தில் இருந்தது. என் அபிப்பிராயத்தில் இது அர்த்தமில்லாத தயக்கம். கொழும்புக்கோ அம்பாந்தோட்டைக்கோ வரவேண்டிய கப்பல் எப்படியும் வரும், நிற்காமல் போகிற கப்பலுக்குத்தானே இந்த மாற்றம்.

கோட்டை நகர்த்த முடியாத இடங்களும் உண்டு, துறைமுக வாசல் போல. அங்கே வேகத்தைக் குறைப்பதுதான் வழி. 15 நொட் வேகத்தில் மோதினால் திமிங்கிலம் சாவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 80 வீதம் என்றும், 9 நொட்டுக்குச் சற்றுக் கீழே வந்தால் அது 20 வீதமளவுக்கு இறங்கிவிடும் என்றும் கணித்திருக்கிறார்கள். அமெரிக்கா 2008 முதல் கிழக்குக் கரையில், ரைட் திமிங்கிலம் என்ற மிக அருகிப்போன இனம் நடமாடுகிற காலங்களில், 65 அடியும் அதற்கு மேலும் நீளமான கப்பல்களுக்கு 10 நொட் என்று சட்டமே போட்டது. நியூசிலாந்தில் ஓக்லாந்து துறைமுகத்துக்கு வெளியே உள்ள கடலில் பிரைட் திமிங்கிலங்கள் ஆண்டுக்கு இரண்டு என்ற கணக்கில் அடிபட்டுச் செத்துக்கொண்டிருந்தன. 2013 இல் கப்பல் கம்பனிகளும் விஞ்ஞானிகளும் மாவோரி மக்களும் உட்கார்ந்து பேசி, சட்டம் இல்லாமலே, வேகத்தைக் குறைக்க ஒத்துக்கொண்டார்கள். அதன்பிறகு அந்தச் சாவு கிட்டத்தட்ட நின்றேவிட்டது. 2024 இல் வந்த ஓர் உலகளாவிய ஆய்வு இன்னும் நம்பிக்கை தருகிறது: மோதல் ஆபத்து மிகுந்த இடங்களில் 7 வீதத்துக்கும் குறைவானவற்றில்தான் ஏதாவது பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது, ஆனால் மீதி எல்லாவற்றையும் சேர்க்க உலகக் கடற்பரப்பில் இன்னும் 2.6 வீதத்தில் ஒழுங்கு செய்தால் போதும். கடல் முழுவதும் கப்பலை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

மெதுவாகப் போனால் இன்னொரு நன்மை சத்தம் குறைவது. தண்ணீருக்குள் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் ஓடும், காற்றில் ஓடுவதை விட நாலு மடங்குக்கும் மேல். வெளிச்சம் கொஞ்ச ஆழத்திலேயே செத்துவிடுகிற கடலில், திமிங்கிலத்துக்குக் காதுதான் கண். நீலத்திமிங்கிலத்தின் குரல் மிகத் தாழ்ந்த ஒலி, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தாண்டியும் போகும். கப்பல் எஞ்சினின் இரைச்சலும் அதே தாழ்ந்த வரிசையில்தான் விழுகிறது. 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு சில நாட்கள் கப்பல் போக்குவரத்துக் குறைந்தது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் அந்த நாட்களில் கடலடி இரைச்சல் 6 டெசிபெல் இறங்கியதும், அங்கிருந்த ரைட் திமிங்கிலங்களின் கழிவில் மன அழுத்த ஹார்மோன் குறைந்ததும் பதிவாகியிருக்கிறது. கப்பல் மோதவே வேண்டாம், கப்பலின் சத்தமே ஒரு விலங்கை நாள் முழுவதும் பதற்றத்தில் வைத்திருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி நீர்மூழ்கிகளைத் தேடுகிற கடற்படைகளின் சோனார் ஒலி இன்னும் கடுமையானது. 2000 ஆம் ஆண்டு பஹாமாஸ் தீவுகளில் அலகுத் திமிங்கிலங்கள் கூட்டமாகக் கரை ஒதுங்கியதற்கு அதுதான் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது.

கப்பலைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு எங்கள் பக்கத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. உலகம் முழுவதும் எடுத்துப் பார்த்தால் திமிங்கிலம், ஓங்கில் (டொல்பின்) இனங்களை அதிகம் கொல்வது கப்பல்கூட இல்லை, வலை. ஆண்டுக்கு மூன்று லட்சமளவில் என்பது பரவலாகச் சொல்லப்படுகிற மதிப்பீடு, அதில் பெரும்பங்கு ஓங்கில் போன்ற சிறியவை. நைலோன் வலையில் சுற்றுப்பட்ட ஓங்கில் மேலே வந்து மூச்சு விட முடியாமல் சில நிமிடங்களில் செத்துவிடும். பெரிய திமிங்கிலம் வலையையும் கயிற்றையும் பிய்த்துக்கொண்டு போகும், போகிற போக்கில் அதுவே வாலைச் சுற்றி, வாயைச் சுற்றி, ஒவ்வொரு நீச்சலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சதைக்குள் இறங்கும். சாக மாதக்கணக்காகலாம். மன்னார்க் கடலில் ஆவுளியா இந்த அளவுக்கு அருகிப்போனதில் வலைக்கும் பெரிய பங்கு உண்டு.

இதில் வன்னி மீனவரைக் குற்றவாளியாக நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை. நீரோட்டத்தில் மிதக்கவிடுகிற வழிவலையை விடுகிற எவரும் திமிங்கிலம் படவேண்டும் என்று விடுவதில்லை. பட்டால் வலையே போய்விடும், அந்த வலை கடனில் வாங்கிய வலை. எல்லை தாண்டி வருகிற இழுவைப்படகுகள் இரவில் எங்கள் ஆட்களின் வலைகளை அறுத்துக்கொண்டு போகின்றன என்ற முறைப்பாடு மன்னாரிலும் முல்லைத்தீவிலும் எத்தனை வருடமாகக் கேட்கிறது! அறுபட்ட வலைத் துண்டுகள் எங்கே போகின்றன என்று அதிகம் யாரும் கேட்பதில்லை. அவை கடலிலேயே மிதந்தும் அமிழ்ந்தும் கிடந்து, யாருக்கும் பயனில்லாமல் மீனையும் ஆமையையும் ஓங்கிலையும் பிடித்துக்கொண்டே இருக்கும். 2017 இல் இழுவைமடித் தொழிலை இலங்கை சட்டத்தால் தடை செய்தது. அந்தத் தடை ஒழுங்காக நடைமுறையானால் முல்லைத்தீவு மீனவரின் வலையும் தப்பும், அதில் படுகிற உயிர்களும் தப்பும். வெடி போட்டு மீன் பிடிக்கிறது வேறு விஷயம். அதற்கு நான் எந்தச் சாட்டும் சொல்ல மாட்டேன். அது மீன் குஞ்சையும் பவளப்பாறையையும் ஓங்கிலின் காதையும் ஒரே அடியில் அழிக்கிற வேலை, அதை ஊரே சேர்ந்து நிறுத்தவேண்டும்.

கப்பல் கவிழ்ந்தாலும் எரிந்தாலும் வருகிற கேடு வேறு. 2021 இல் கொழும்புக்கு வெளியே எரிந்து அமிழ்ந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து கொட்டிய பிளாஸ்ரிக் மணிகள் கரைகளில் வெள்ளையாகக் குவிந்ததும், அதன்பின் ஆமைகளும் ஓங்கில்களும் சில திமிங்கிலங்களும் செத்து ஒதுங்கியதும் எல்லோருக்கும் தெரியும்.

திமிங்கிலம் பார்க்கத் திருகோணமலைக்குப் போகிற வன்னிக் குடும்பங்கள் இப்போது கூடிவிட்டன, பிள்ளைகளைக் கூட்டிப்போவது மிக நல்லது. ஆனால் படகோட்டியிடம் புறப்பட முன்பே சொல்லிவிடுங்கள், “அண்ணை, கலைக்க வேண்டாம், தள்ளி நிண்டு பாத்தாலே காணும்” என்று. 100 மீற்றருக்குக் கிட்டப் போகக்கூடாது என்பது இலங்கையின் விதி. கிட்டப் போகச் சொல்லிப் பயணிகள் நெருக்குவதால்தான் பல படகோட்டிகள் விதியை மீறுகிறார்கள். முன்னாலே போய் மறிப்பதும், இரண்டு மூன்று படகு சேர்ந்து சுற்றி வளைப்பதும் மூச்சு எடுக்க வந்த விலங்கை மூச்செடுக்க விடாமல் திருப்பி அனுப்புகிற செயல். தாயும் குட்டியும் என்றால் அறவே கிட்டப் போகக்கூடாது. பக்கமாக, அதன் போக்கிலேயே, மெதுவாக ஓடி, பிறகு எஞ்சினைக் கியரிலிருந்து எடுத்துவிட்டு நின்றால், அதுவாகவே கிட்ட வருவதும் உண்டு.

கடலில் கயிறு சுற்றிய திமிங்கிலத்தைக் கண்டால் எங்கள் ஆட்களுக்கு உடனே தண்ணீரில் குதித்து அறுத்துவிடத்தான் மனம் வரும். அந்த மனம் பெரிது, ஆனால் குதிக்கவே கூடாது. வால் ஒருதரம் அசைந்தால் ஆள் தப்பாது, உலகில் பயிற்சி பெற்றவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள். வெளியே இழுபடுகிற கயிற்றை மட்டும் அறுத்துவிடுவதும் பிழை. பார்வைக்கு விடுபட்டதுபோல இருக்கும், இறுகிய பகுதி உள்ளே இருக்கும், பிறகு உதவிக்கு வருகிறவர் பிடித்து வேலை செய்ய ஒன்றும் இருக்காது. படம் எடுத்து, இடத்தைக் குறித்து, கடற்படைக்கோ கரையோரக் காவல்படைக்கோ வனஜீவராசிகள் திணைக்களத்துக்கோ அறிவிப்பதுதான் சரி.

உயிரோடு கரை ஒதுங்கினால் கதை வேறு, அங்கே ஊர்ச்சனத்தால் நிறையச் செய்ய முடியும். 2017 இல் சம்பூரிலும் 2020 இல் பாணந்துறையிலும் பைலட் திமிங்கிலக் கூட்டங்கள் கரையேறியபோது மீனவர்களும் கடற்படையினரும் கழுத்தளவு தண்ணீரில் நின்று அநேகமானவற்றைத் திருப்பி அனுப்பினார்கள். பாணந்துறையில் இரவிரவாக நின்று காப்பாற்றிய எண்ணிக்கை நூறைத் தாண்டியது. வாலில் கயிறு கட்டி இழுக்கக்கூடாது, முள்ளந்தண்டு விலகிவிடும். பக்கவாட்டில் சரிந்து கிடந்தால் நிமிர்த்தி வைக்கவேண்டும். ஈரச் சாக்கோ சீலையோ போட்டு உடம்பை ஈரமாக வைத்திருக்கவேண்டும், ஆனால் தலைக்கு மேலிருக்கிற மூச்சுத்துளையை மூடவோ அதற்குள் தண்ணீர் ஊற்றவோ கூடாது. சத்தம் போடாமல், செல்பி எடுக்க மேலே ஏறாமல், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தவேண்டும். செத்து ஒதுங்கியதென்றால் தொடக்கூடாது, நோய் தொற்றலாம். ஆனால் புதைக்க முன்பு படம் எடுப்பது முக்கியம். முதுகில் ஒரே இடைவெளியில் வரிசையாக ஆழமான வெட்டுகள் இருந்தால் அது கப்பல் விசிறி. வாலடியில் வளையம் போலத் தழும்பு இருந்தால் கயிறு. எதுவும் தெரியாவிட்டாலும் உள்ளே எலும்பு நொறுங்கியிருக்கலாம். அதை மிருக வைத்தியர் வெட்டிப் பார்த்தால்தான் சொல்ல முடியும். இப்படி ஒவ்வொரு உடலும் சாவுக்கான காரணத்தைச் சொல்லக்கூடியது, யாராவது பார்த்துக் குறித்துக்கொண்டால்.

தெற்கே கப்பல் தடத்தை எவ்வளவு தூரம் நகர்த்தவேண்டும் என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிந்தது எதனால்? திமிங்கிலம் எங்கே நிற்கிறது என்ற பதிவு ஆயிரக்கணக்கில் இருந்ததனால். எங்கள் பக்கத்தில் அது இல்லை. 1980களின் தொடக்கத்தில் டூலிப் என்ற பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர்கள் திருகோணமலைக் கடலில் நீலத்திமிங்கிலங்களையும் எண்ணெய்த் திமிங்கிலங்களையும் பார்த்துப் பதிந்தார்கள். பிறகு யுத்தம், கடல் எங்களுக்கே மூடிக் கிடந்தது, ஆய்வாளர் எப்படி வருவார்கள்? யுத்தம் முடிந்த பின்பும் கவனம் எல்லாம் மிரிஸ்ஸவிலும் திருகோணமலையிலும்தான், கொக்கிளாய்க்கு வடக்கே என்ன திரிகிறது என்பதை அறிந்தவர்கள் அங்கே தொழிலுக்குப் போகிறவர்கள் மட்டுமே. கிழக்கே வங்காள விரிகுடாத் துறைமுகங்களுக்குப் போகிற கப்பல்களும் இதே கடலால்தான் போகின்றன. அதனால் நாயாற்றிலிருந்தோ அளம்பிலிலிருந்தோ வெளிக்கடலுக்குப் போகிறவர்களிடம் என்னுடைய வேண்டுகோள் ஒன்றுதான்: கண்டால் கையில் இருக்கிற போனால் ஒரு படம், முடிந்தால் வால் மேலே தூக்குகிற நேரம், ஏனென்றால் வாலின் ஓரமும் முதுகுச் செட்டையும் உடம்பில் உள்ள புள்ளி அடையாளங்களும் ஒன்றுக்கொன்று வேறு, அதை வைத்துத் தனித்தனியாக அடையாளம் காணலாம். அதோடு ஜீபிஎஸ் கருவியில் காட்டுகிற இடம், நேரம், எத்தனை நின்றது, குட்டி இருந்ததா, எந்தப் பக்கம் பார்த்துப் போனது. இதை அரசின் நீர்வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவுக்கோ, பல்கலைக்கழகங்களில் கடலுயிர் ஆய்வு செய்கிற பிள்ளைகளுக்கோ, வனஜீவராசிகள் திணைக்களத்துக்கோ அனுப்புங்கள். படம் எடுக்க முடியாமல் போனாலும் பரவாயில்லை, இடத்தையும் நேரத்தையும் மீனவர் சங்கக் கொப்பியில் எழுதி வையுங்கள்.